முகவரி எங்கே முடிகிறது?

வாக்கியத்தின் கடைசியில் ஓர் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டு ஒழுங்காக முற்றுப்புள்ளியும் வைப்பவர் இலக்கணப்படி சரியாகத்தான் எழுதுகிறார். ஆனால் அந்தப் புள்ளியையும் முகவரியோடு சேர்த்து விழுங்கும் மென்பொருள்கள் நெடுங்காலம் இருந்தன. இன்றும் அங்கங்கே இருக்கின்றன. தட்டிப் பார்ப்பவருக்குப் பக்கமே இல்லை என்று பதில் வரும். அந்த ஒற்றைப் புள்ளியை அழித்துவிட்டுத் தேடினால், பக்கம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

எழுத்துகளுக்கு நடுவே கிடக்கும் முகவரியைக் கண்டுபிடித்து, தட்டினால் திறக்கும் இணைப்பாக மாற்றுவது கணினிக்குச் சில்லறை வேலை என்றுதான் தோன்றும். வாட்ஸ்அப், ஜிமெயில், எக்செல் எல்லாமே நாம் கேட்காமலே அதைச் செய்து தருகின்றன. முகவரி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. எச்டிடிபி என்ற நான்கு எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள் வரிசையாக வந்தால் போதும். அந்தச் சாய்கோடுகள் உண்மையில் தேவையே இல்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2009-இல் சொன்னார். இருக்கலாம். இணைப்பைத் தேடும் நிரல்களுக்கு அவை கிடைத்ததே பெரிய வரம், ஏனென்றால் சாதாரண உரைநடையில் யாரும் முக்காற்புள்ளிக்குப் பின் இரண்டு சாய்கோடு போடுவதில்லை.

முகவரி எங்கே முடிகிறது என்பதில்தான் வில்லங்கம். அன்றாடம் எரிச்சலூட்டும் சின்னப் பிழைகளும், ஒரு பெரிய நிறுவனத்தைச் சில மணி நேரம் ஆட்டிவைத்த தாக்குதல் ஒன்றும் இந்த ஒரே கேள்விக்குத் தவறான விடை சொன்னதால் வந்தவை.

முகவரியில் எந்தெந்தக் குறிகள் வரலாம் என்பதற்கு எழுத்துப்பூர்வமான விதிகள் உண்டு. முதல் முழு வரையறை 1994 டிசம்பரில், ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தரநிலை ஆவணங்களின் வரிசையில் 1738 என்ற எண்ணோடு வந்தது. இப்போது அடிப்படையாக இருப்பது 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986. அதன்படி முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, வியப்புக்குறி, கேள்விக்குறி, வளைவு அடைப்புக்குறி, ஒற்றை மேற்கோள்குறி எல்லாம் முகவரிக்குள் வரலாம். அதாவது, வாக்கியத்தைப் பிரிக்கவும் முடிக்கவும் நாம் கையாளும் குறிகளில் பெரும்பாலானவை முகவரியின் உறுப்புகளாகவும் இருக்கலாம். வரக்கூடாத குறிகளில் முக்கியமானவை: இடைவெளி, இரட்டை மேற்கோள்குறி, < > என்ற கோண அடைப்புக்குறிகள். இந்தக் குழப்பம் விதி எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. உரைநடைக்குள் முகவரி எழுதும்போது கோண அடைப்புக்குள் எழுதுங்கள் என்று பின்னிணைப்பில் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு நடந்தவர்கள் மிகக் குறைவு.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. படிப்பவருக்கு மொழி தெரியும் என்பதால் அவர் பிரித்துப் படித்துக்கொண்டார். முகவரி தேடும் நிரலுக்கு அந்த அறிவு கிடையாது. மனிதர்கள் பெரும்பாலும் எப்படி எழுதுவார்கள் என்ற ஊகம் மட்டுமே அதற்குத் துணை.

அந்த ஊகங்களில் சில அழகானவை. நிரலாளர்கள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளம், மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவமைப்பு முறைக்கான தன் விதிகளில் எழுதிவைத்திருப்பதைப் பாருங்கள். முகவரியின் கடைசியில் முற்றுப்புள்ளியோ காற்புள்ளியோ கேள்விக்குறியோ நின்றால் அதை வாக்கியத்துக்கே விட்டுவிட வேண்டும். கடைசியில் நிற்பது மூடும் அடைப்புக்குறி என்றால், முகவரிக்குள் எத்தனை அடைப்புகள் திறந்தன, எத்தனை மூடின என்று எண்ண வேண்டும். மூடியவை அதிகமானால் மிச்சம் வாக்கியத்துடையது. விக்கிப்பீடியா இல்லாவிட்டால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. ஒரே பெயரில் இரண்டு கட்டுரைகள் இருந்தால் அங்கே பெயருக்குப் பின்னால் (திரைப்படம்), (நூல்) என்று வகையைச் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட முகவரியை யாராவது அடைப்புக்குறிக்குள் எழுதினால் கடைசியில் இரண்டு மூடும் குறிகள் வரும். ஒன்று முகவரிக்கு, மற்றது எழுதியவருக்கு.

இந்த விதிகளும் எல்லா இடத்திலும் பலிக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவில் புள்ளியிலேயே முடியும் கட்டுரைத் தலைப்புகள் உண்டு. நிறுவனப் பெயர்களின் சுருக்கங்கள் அப்படித்தான் முடிகின்றன. அங்கே புள்ளியை வெட்டினால் முகவரி மாறிவிடும். நூறு பேருக்குச் சரியாக இருக்க ஒருவருக்குத் தவறாக இருப்பது என்ற பேரம் இது. எனக்கு இந்தப் பேரத்தில் குறையில்லை. இதன் கெட்ட விளைவு ஒரு திறக்காத பக்கம், அவ்வளவே.

தமிழில் எழுதும்போது பேரம் இன்னும் கடுமையாகிறது. முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2007-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு மொழிகளில் சோதனைக்கென முகவரிகளைத் திறந்தது. அதில் தமிழுக்குக் கிடைத்தது உதாரணம்.பரிட்சை (எழுத்துக்கூட்டல் அவர்களுடையது). பிறகு .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று முடியும் முகவரிகள் நிரந்தரமாகவே வந்தன. இப்போது ஒருவர் "உதாரணம்.பரிட்சையில் பாருங்கள்" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனிதருக்குக் குழப்பமே இல்லை. நிரலுக்கோ "பரிட்சையில்" என்ற இடம்தான் தெரியும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வருகிறது, ஒட்டும்போது நடுவே ஒரு யகரமும் நுழைகிறது. இடைவெளி பார்த்து வெட்டும் எந்த விதியாலும் இதைப் பிரிக்க முடியாது.

ஆங்கில எழுத்து முகவரிக்குப் பின் "இல்", "ஐ" என்று ஒட்டி எழுதினாலும் இதே கதைதான். தமிழ் முகவரிகளை ஏற்க விரும்பும் நிரல் உருபையும் சேர்த்து விழுங்கும். உருபை விழுங்கக் கூடாது என்று தமிழ் எழுத்துகளைத் தடுத்தால் தமிழ் முகவரிகள் உடையும். டொமைன் பெயர் பகுதியில் எழுத்து முறை திடீரென மாறினால் அங்கே நிறுத்துவது, அதை அடுத்து வரும் சாய்கோட்டுக்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் அனுமதிப்பது என்று நடுவழி ஒன்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரிகள் இந்த வழியில் தப்பிக்கும். உதாரணம்.பரிட்சையில் தப்பிக்காது. எழுதுபவர் முகவரிக்கு அடுத்து ஓர் இடைவெளி விடுவதுதான் இன்றுவரை நிச்சயமான தீர்வு.

முகவரி தேடும் நிரல்கள் பெரும்பாலும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வடிவ மொழியில் எழுதப்படுகின்றன. அதில் "சொல்லில் வரக்கூடிய எழுத்து" என்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் அது ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் ஏற்கும், தமிழ் முழுதும் வெளியே. பைத்தான் மொழியில் நிலைமை இன்னும் விநோதம். யூனிகோடு கணக்கில் த, ம, ழ ஆகியவை எழுத்துகள். கொம்பும் காலும் விசிறியும் புள்ளியும் எழுத்துகளில் சேராத "குறிகள்". எனவே "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால் பைத்தானின் அந்தச் சுருக்கக் குறி "தம" என்பதோடு நின்றுவிடும். தமிழில் ஒரு முகவரியோ ஹேஷ்டேகோ பாதியில் அறுந்து தொங்கினால், அனேகமாக யாரோ ஒருவர் இந்தச் சுருக்கக் குறியை நம்பியிருக்கிறார்.

இதுவரை சொன்னவை எல்லாம் திறக்காத கதவுகள். திறக்கக் கூடாத கதவு திறந்த நாள் 2010 செப்டம்பர் 21.

அன்று ட்விட்டர் தளத்தில் சிலருடைய பதிவுகள் வண்ணப் பட்டைகளாகத் தெரிந்தன. பிறகு திரை முழுவதையும் மறைக்கும் பிரம்மாண்டமான எழுத்துகள் வந்தன. சுட்டியை அவற்றின் மேல் கொண்டுபோனாலே போதும், சொடுக்க வேண்டியதில்லை, பார்ப்பவரின் கணக்கிலிருந்து அதே பதிவு மறுபடி வெளியாகும். அதை அவரைப் பின்தொடர்பவர்கள் பார்ப்பார்கள், அவர்களிடமிருந்தும் வெளியாகும். முன்னாள் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுனின் மனைவி சாரா பிரவுனைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். அவர் பக்கத்துக்குப் போனவர்கள் ஓர் ஆபாசத் தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அமெரிக்க வெள்ளை மாளிகையின் அன்றைய செய்தித் தொடர்பாளர் ராபர்ட் கிப்ஸின் கணக்கும் தப்பவில்லை. ட்விட்டர் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, பசிபிக் கரை நேரம் அதிகாலை 2.54-க்குத் தகவல் வந்தது. 7 மணிக்கு முக்கிய ஓட்டையை அடைத்தார்கள். கைப்பேசிச் செயலிகளில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிப்பு உலாவியில் பார்த்தவர்களுக்குத்தான்.

ஏன் உலாவியில் மட்டும்? வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஓர் இணைப்பு என்பது கோண அடைப்புக்குள் எழுதிய ஒரு குறிப்பு. அதில் முகவரி இரட்டை மேற்கோள்குறிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். முதல் மேற்கோள்குறியில் முகவரி தொடங்குகிறது, அடுத்த மேற்கோள்குறியில் முடிகிறது. உலாவிக்குத் தெரிந்த எல்லை அது ஒன்றுதான். ட்விட்டரின் நிரலோ, முகவரிக்குள் @ குறி வந்து அதையொட்டி இரட்டை மேற்கோள்குறியும் வந்தால், அந்த மேற்கோள்குறியையும் முகவரியில் சேர்த்துக்கொண்டு மாற்றமில்லாமல் பக்கத்தில் எழுதியது. முகவரி இன்னும் முடியவில்லை என்று ட்விட்டர் நினைத்த இடத்தில், முடிந்துவிட்டது என்று உலாவி படித்தது. அதற்குப் பின் வந்த எழுத்துகளை அது அந்த இணைப்புக்கான கூடுதல் அறிவுறுத்தல்களாக எடுத்துக்கொண்டது. "எழுத்தின் அளவு இவ்வளவு பெரிதாக இருக்கட்டும்", "சுட்டி மேலே வந்தால் இந்த நிரலை ஓட்டு" என்பவை அந்த அறிவுறுத்தல்கள். எழுத்தைப் பெரிதாக்கியது, சுட்டி தப்பிக்க இடமில்லாமல் செய்வதற்காக.

ஒரு ட்விட்டர் பதிவுக்கு அன்று அனுமதித்த 140 எழுத்துக்குள் இதையெல்லாம் அடக்கியவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. மசாட்டோ கினுகாவா என்ற ஜப்பானியர் அந்த ஓட்டையை ஆகஸ்டிலேயே கண்டுபிடித்து நிறுவனத்திடம் சொல்லியிருந்தார். அவர்கள் அடைத்தும் விட்டார்கள். அதற்குப் பின் செய்த ஒரு தள மேம்பாட்டில் ஓட்டை திரும்பி வந்தது. தேடும் வடிவத்தை நுணுக்கி நுணுக்கிக் கட்டும் பாதுகாப்பு, வேறொரு காரணத்துக்காக யாராவது அந்த வடிவத்தைத் தொட்டாலே சரிந்துவிடும். நிரல் முகவரியின் எல்லையைத் தவறாகவே கணித்தாலும் கெடுதல் வராதபடி அமைப்பதுதான் பாதுகாப்பு.

அப்படி அமைக்க முடியும். பக்கத்தில் எழுதும் நேரத்தில், மேற்கோள்குறி, கோண அடைப்பு, & ஆகிய குறிகளை அவற்றுக்குரிய மாற்றுக் குறியீடுகளாக எழுதிவிட்டால் உலாவி அவற்றை வெறும் எழுத்தாகக் காட்டும், கட்டளையாகப் படிக்காது. இது எல்லா நிரலாளர்களும் அறிந்த பாடம். தடுக்கி விழுவது வரிசையில். மொத்த எழுத்தையும் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு முகவரி தேடினால் சிக்கல்தான்: மாற்றுக் குறியீடுகள் & குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிபவை, நடுவே சாதாரண எழுத்துகள்; அவை எல்லாமே முகவரியில் வரக்கூடியவை. ஆகவே முகவரிக்கு அடுத்து நின்ற மேற்கோள்குறி, வேஷம் மாறி முகவரிக்குள்ளேயே நுழைந்துவிடும். முதலில் இணைப்பை உண்டாக்கிவிட்டுப் பிறகு மாற்றினால், நாம் கட்டிய இணைப்பின் கோண அடைப்புகளும் மாறிப்போய், இணைப்புக்குப் பதில் அதன் எலும்புக்கூடு திரையில் தெரியும். சரியான வழி, மூல எழுத்தை முகவரி, முகவரியல்லாதது என்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அது போய்ச் சேரும் இடத்துக்கு ஏற்ப மாற்றுவது. உலாவிக்குள்ளேயே செய்வதானால் இன்னும் சுலபம். எச்டிஎம்எல்லைச் சரமாக ஒட்டாமல், "ஓர் இணைப்பு உறுப்பை உருவாக்கு, அதன் முகவரி இது, அதன் எழுத்து இது" என்று தனித்தனியே கொடுத்தால் மேற்கோள்குறிக்கு அங்கே வேலையே இல்லை.

மேற்கோள்குறியை அடக்கினாலும் முகவரியின் தலை பாக்கி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் கொண்டு தொடங்கும் முகவரி எந்தத் தளத்துக்கும் போகாது. தட்டினால், தன்னுள் இருக்கும் நிரலை ஓட்டும். அந்தச் சொல்லைத் தேடித் தடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 2005 அக்டோபரில் பாடம் கிடைத்தது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் அந்தச் சொல்லை நீக்கிவந்தது. சாமி கம்கார் என்ற இளைஞர் "ஜாவா" ஒரு வரியிலும் "ஸ்கிரிப்ட்" அடுத்த வரியிலுமாக உடைத்து எழுதினார். வடிகட்டிக்கு அது வேறு சொல், சில உலாவிகளுக்கு அதே சொல். ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அவர் பெயர் பரவியது. அவர் நுழைந்தது இணைப்பு வழியாக அல்ல, பக்கத்தின் அலங்காரக் குறிப்பு வழியாக. ஆனால் தந்திரம் இணைப்புக்கும் பொருந்தும், ஏனென்றால் முகவரிக்குள் இருக்கும் வரி முறிப்பையும் டேப் குறியையும் உலாவிகள் இன்றும் சத்தமில்லாமல் நீக்கிவிடுகின்றன. கெட்டவற்றின் பட்டியல் ஒருநாளும் முழுமையடையாது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், வேண்டுமானால் மின்னஞ்சல். இவற்றில் தொடங்குபவை மட்டுமே இணைப்பாகும், மற்றவை வெறும் எழுத்தாகக் கிடக்கட்டும் என்பதே நிற்கும் விதி.

தேடும் வேலையே ஆயுதமாகலாம். 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. வரியின் கடைசியிலுள்ள இடைவெளிகளை நீக்கும் ஒரு சின்ன வடிவமும், சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ந்து வந்த ஒரு பதிவும் சந்தித்ததுதான் காரணம். அந்த இடைவெளிகள் வரியின் கடைசியில் இல்லை. நிரல் முதல் இடைவெளியில் தொடங்கிக் கடைசிவரை ஓடித் தோற்றது, இரண்டாவதில் தொடங்கி மறுபடி ஓடியது, இப்படியே மொத்தம் 20 கோடி அடிகள். இணைப்பு தேடும் நிரலுக்கும் இதே கதி வரும். கிட்ஹப்பின் மார்க்டவுன் நூலகத்தில் முகவரிகளை இணைப்பாக்கும் பகுதியிலேயே இப்படியொரு பலவீனம் 2022-இல் வெளிவந்து திருத்தப்பட்டது. முன்னும் பின்னும் ஓடாமல் ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை மட்டும் பார்த்துப் போகும் நிரல் எழுதக் கொஞ்சம் நீளம். ஆனால் அதற்கு வரும் செலவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எச்டிடிபி இல்லாமல் வெறும் டொமைன் பெயரையும் இணைப்பாக்கித் தரும் தாராளம் இன்னொரு தொல்லை. முன்பு காம், ஆர்க், நெட் என்று சில வால்களும் நாட்டுக் குறிகளும்தான் இருந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேல். எம்டி என்பது மால்டோவா நாட்டின் குறி, மார்க்டவுன் கோப்பின் வாலும் அதுவே. பிஒய் பராகுவே, பைத்தான் கோப்பும் அதுவே. கூகுள் 2023 மே மாதம் ஜிப் என்ற வாலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது பாதுகாப்புத் துறையினர் கொதித்ததில் நியாயம் இருந்தது. "இணைத்திருக்கும் ஜிப் கோப்பைத் திறக்கவும்" என்று சொல்லி நண்பர் எழுதிய கோப்புப் பெயர், யாரோ ஒருவர் விலைக்கு வாங்கிய தளத்துக்கான இணைப்பாக மாறலாம். எழுதியவர் இணைப்பே கொடுக்கவில்லை, மென்பொருள் அவர் பெயரில் கொடுத்துவிட்டது. நம் நாட்டுக் குறியான இன் என்பதும் ஆங்கிலத்தில் அன்றாடச் சொல். புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவர்கள் தினமும் தெரியாமலே இந்திய முகவரிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரியாக வெட்டப்பட்ட, பாதுகாப்பாக எழுதப்பட்ட இணைப்பும் பொய் சொல்லலாம். முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பது பயனர் பெயர், பின்னால் இருப்பதுதான் இடம். ஒரு வங்கியின் பெயரை முன்னால் போட்டுத் திருட்டுத் தளத்தைப் பின்னால் போடுவது பழைய தந்திரம். உருவ ஒற்றுமை இன்னொன்று. 2017-இல் நிரலாளர் ஒருவர் ஆப்பிள் என்ற பெயரை முழுக்க சிரிலிக் எழுத்துகளால் எழுதிப் பதிவு செய்து காட்டினார். சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நம் எழுத்திலும் இதற்கு இடமுண்டு. தமிழ் எண் ௧ ககரம் போலவே இருக்கிறது, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். சந்தேகமான கலவைகளை உலாவிகள் பியூனிகோடு என்ற பொருளற்ற ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றிக் காட்டுகின்றன. பார்க்க அசிங்கம், ஆனால் ஏமாற்றாது. இணைப்பு ஆக்கும் மென்பொருளும் குறைந்தபட்சம் தான் அனுப்பும் இடத்தையே எழுத்திலும் காட்ட வேண்டும்.

புதிய தாவலில் திறந்த பக்கம், தன்னைத் திறந்துவிட்ட பக்கத்தையே வேறு இடத்துக்குத் திருப்பிவிட முடியும் என்ற ஓட்டையும் பல ஆண்டுகள் இருந்தது. 2021 தொடக்கத்தில் குரோம் 88 அதைத் தானாகவே அடைக்கத் தொடங்கியதால், நிரலாளர்களின் கவலைப் பட்டியலில் ஒரு வரி குறைந்தது.

பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை தலைகீழாக வருகிறது. தீய தளங்களின் முகவரிகளை ஒருவருக்கொருவர் அனுப்புவது அவர்கள் வேலை. அது தட்டினால் திறக்கும் இணைப்பாகிவிட்டால், கை தவறிப் பட்டாலும் ஆபத்து. அதனால் எச்டிடிபியின் நடு எழுத்துகள் இரண்டையும் எக்ஸ் ஆக மாற்றி, டொமைன் புள்ளியைச் சதுர அடைப்புக்குள் [.] என்று வைத்து, எந்த மென்பொருளுக்கும் முகவரியாகத் தெரியாதபடி வேண்டுமென்றே உடைத்து எழுதுகிறார்கள். அறிக்கைகளைத் துழாவி, இப்படி உடைத்த முகவரிகளைக் கண்டுபிடித்து மறுபடி ஒட்டவைக்கும் கருவிகளையும் அவர்களே எழுதி இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள்.